பட்டதாரிகளின் பிரதிநிதி

தரமணியில் காலைப் பொழுது மாணவர்களின் பொழுது. பாலிடெக்னிக் மாணவர், கணித அறிவியல் கழகத்தின் ஆய்வாளர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் சுவடி பார்க்கப் போகிறவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்திற்கு விரைகிறவர் எனப் பலரும் எங்கள் தெரு முனையைக் கடந்துதான் செல்ல வேண்டும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, வாயிற்படியில் அமர்ந்து அவர்களைப் பார்ப்பது ஒரு நித்திய வழக்கம். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறாள். அவள் ஒருநாள் என்னிடம் வந்து, "தாத்தா, பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் பட்டதாரிகள் தொகுதியில் வாக்களித்தானாம். நான் பட்டம் பெற்றால் எனக்கும் அப்படி ஒரு வாக்கு உண்டா?" என்று கேட்டாள்.

"உனக்கு இல்லை, அம்மா. எனக்கு இருந்தது. நான் அதைப் பயன்படுத்தவில்லை" என்றேன். அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கல்வி கற்றவர்கள் தமக்கென ஒரு பிரதிநிதியைச் சட்டமன்றத்திற்கு அனுப்புவது என்ற எண்ணம் நம் நாட்டில் தோன்றியதன்று. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு பல்கலைக்கழகங்களும் பாராளுமன்றத்திற்குத் தலைக்கு இருவரை அனுப்பும் உரிமை பெற்றன. உங்கள் பௌதிகப் பாடநூலில் புவியீர்ப்புக்கு உரியவராக வரும் ஐசக் நியூட்டன், 1689ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர் என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? ஆயினும் அவர் பெயர் அந்த மன்றத்தின் விவாதங்களால் நிலைத்ததன்று. பேரறிவு ஒன்று, பிரதிநிதியாக இருந்து பிறர் குறையை எடுத்துச் சொல்லும் திறன் வேறொன்று. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்களுள் ஒருவர், பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். அன்று பல்கலைக்கழகத்தை நடத்திய செனட் சபையில் தேர்தல் என்ற பேச்சே இல்லை. கவர்னர் வேந்தராக இருந்தார். உறுப்பினர்களை அரசாங்கமே நியமித்தது. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம்தான், பதிவு பெற்ற பட்டதாரிகள் தம்முள் சிலரைச் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்க வகை செய்தது. பெரும்பான்மையோர் அப்பொழுதும் நியமனம் பெற்றவர்களே. 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அந்தக் கதவை மேலும் அகலத் திறந்தது.

செனட் என்பது பல்கலைக்கழகத்தின் உள்வீடு. அந்த வீட்டிலிருந்து சட்டசபைக்கு ஒருவரை அனுப்பிய வரலாறு தனியானது. அதை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதற் படி 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம். அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மாகாணத்தின் சட்டசபைக்குப் பல்கலைக்கழகம் ஒருவர் பெயரைப் பரிந்துரைக்கலாம். கவர்னர் அவரை நியமிப்பார். நடைமுறையில் இது தேர்தலே. ஆயினும் 'தேர்தல்' என்ற சொல்லை அச்சட்டம் வாய்விட்டு உரைக்கவில்லை. ஆட்சியாளருக்கு அச்சொல்லின்மேல் அத்தனை அச்சம்! இந்தப் படியில் பேசியது பல்கலைக்கழகம் என்னும் நிறுவனம்; பட்டதாரி அல்லன்.

இரண்டாம் படி 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம். 1920இல் அமைந்த சென்னைச் சட்டசபையில், நிலக்கிழார்களுக்கும் வணிகர்களுக்கும் தனித் தொகுதிகள் இருந்தாற்போலப் பல்கலைக்கழகத்திற்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த பேரவையிலும் 215 இடங்களுள் ஒன்று பல்கலைக்கழகத்தினுடையது. இப்பொழுது செனட் சபையின் சுவரைத் தாண்டி வாக்குரிமை பட்டதாரியின் கைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்தை நாம் மறந்துவிடலாகாது. சொத்து உடையவனும் வரி செலுத்துபவனுமே பெரும்பாலும் வாக்காளன். வயலில் உழுதவனுக்கும் தறியில் நெய்தவனுக்கும் ஒரு வாக்குக்கூட இல்லாத நாளில், பட்டதாரிக்கெனத் தனியாக ஓர் இடம் இருந்தது.

மூன்றாம் படி குடியரசின் அரசியலமைப்புச் சட்டம். அதன் 171ஆம் பிரிவு, மேலவை உள்ள மாநிலங்களில் அம்மேலவையின் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினரைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கலாம் என்றது. இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களுக்கு அளித்தது. இங்கே ஒரு நுட்பமான மாற்றம் உண்டு. வாக்காளர் இன்ன பல்கலைக்கழகத்தின் பட்டதாரியாக இருக்கவேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. இந்தியாவின் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தாலும், பெற்று மூன்றாண்டுகள் கழிந்திருந்து, மாநிலத்தில் வசித்து வந்தால் போதும். காசியில் படித்து மயிலாப்பூரில் குடியிருப்பவரும் இங்கே வாக்காளரே. நிறுவனத்தின் பிரதிநிதியாகத் தொடங்கியவர் இவ்வாறு பட்டதாரிகள் அனைவரின் பிரதிநிதியாக மாறினார்.

1957ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் சென்னை மாநில மேலவையில் 63 இடங்கள் இருந்தன. உள்ளாட்சி மன்றங்கள் 21 பேரையும், பேரவை உறுப்பினர்கள் 21 பேரையும், பட்டதாரிகள் 6 பேரையும், ஆசிரியர்கள் 6 பேரையும் தேர்ந்தெடுத்தனர். எஞ்சிய 9 பேரைக் கவர்னர் நியமித்தார். ஓர் உறுப்பினரின் பதவிக் காலம் ஆறு ஆண்டுகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். அவ்விடங்களுக்குப் புதியவர் வருவர். ஆற்றில் புதுநீர் வந்துகொண்டே இருக்க, ஆறு வற்றாதிருப்பது போன்ற ஏற்பாடு இது.

வாக்களிக்கும் முறையும் பொதுத் தேர்தலினின்று வேறானது. இதனை ஒற்றை மாற்று வாக்கு முறை என்பர். இங்கிலாந்தில் 1918ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகத் தொகுதிகள் சிலவற்றில் கையாளப்பட்ட முறை இதுவே. வாக்காளர் வேட்பாளரின் பெயருக்கு நேரே 1, 2, 3 எனத் தம் விருப்ப வரிசையை எழுதவேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் இடத்திற்கு மூவர் போட்டியிட, 1000 செல்லத்தக்க வாக்குகள் பதிவாயின என்று கொள்வோம். வெற்றிக்கு வேண்டியவை 501. முதல் விருப்பத்தில் ஒருவருக்கு 450, இரண்டாமவருக்கு 350, மூன்றாமவருக்கு 200 கிடைத்தன. ஒருவரும் 501ஐ எட்டவில்லை. ஆகவே கடைசியில் நிற்பவர் நீக்கப்படுவார். அவருடைய 200 சீட்டுகளிலும் இரண்டாம் விருப்பம் யாருக்கு என்று பார்க்கவேண்டும். அவற்றுள் 40 முதலாமவருக்கும் 160 இரண்டாமவருக்கும் சென்றால், 490க்கு எதிராக 510 பெற்று இரண்டாமவரே வெல்வார். முதலில் முந்தி நின்றவர் தோற்பது அநியாயமன்றோ என்று கேட்கத் தோன்றும். அன்று. பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கத்தக்கவர் யார் என்பதே இங்கே கேள்வி.

இவ்வாறு சென்ற உறுப்பினரின் அதிகாரம் எத்தகையது? அவர் வினா எழுப்பலாம்; தீர்மானம் கொண்டுவரலாம்; மசோதாவுக்குத் திருத்தம் கூறலாம். அமைச்சரவையைக் கவிழ்க்க அவரால் இயலாது. அது பேரவைக்கே பொறுப்புடையது. சாதாரண மசோதாவை மேலவை முதலில் மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதமும் தாமதிக்கச் செய்யலாம். நிதி மசோதாவாயின் பதினான்கே நாட்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அவருக்கு வாக்கு இல்லை. சுருங்கச் சொன்னால், அவருடைய வலிமை கையை உயர்த்துவதில் இல்லை. கருத்தை உரைப்பதில் இருந்தது.

அப்படியானால் அந்தப் பிரதிநிதி கட்டாயம் பட்டதாரியாக இருக்க வேண்டாமா? இந்தக் கேள்வி நம் சென்னையிலேயே எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியிலிருந்து மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் பட்டதாரியல்லர். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். பட்டதாரிகளின் பிரதிநிதி பட்டதாரியாகவே இருக்கவேண்டும் என்று கருதி உயர் நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. ஆனால் 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வாக்காளருக்கு வேண்டிய தகுதி வேறு, வேட்பாளருக்கு வேண்டிய தகுதி வேறு. அரசியலமைப்புச் சட்டம் விதிக்காத ஒரு தகுதியை நீதிமன்றம் சேர்க்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதைக் கேட்டவுடன் எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டதாரிகளே பட்டம் இல்லாதவரைத் தேர்ந்தெடுத்தார்களா?" என்றாள். ஆம், தேர்ந்தெடுத்தார்கள். அதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? நோயாளி தன்னைப் போன்ற நோயாளியிடமா மருந்து கேட்கிறான்? பிரதிநிதி என்பவர் நம்மைப் போலவே இருக்கவேண்டும் என்பது ஒரு கொள்கை. நமக்காக உழைப்பவராகவும் நமக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராகவும் இருக்கவேண்டும் என்பது மற்றொரு கொள்கை. அன்று வாக்களித்தவர்கள் இரண்டாம் கொள்கையைப் பின்பற்றினார்கள். அவ்வாறு பின்பற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிற்று.

தேர்ந்தெடுப்போரைப் போலவே பிரதிநிதியும் இருக்க வேண்டியதில்லை என்பது ஒருபுறம். தேர்ந்தெடுத்தோருக்காக மட்டும் அவர் பேசினால் போதுமா என்பது மறுபுறம். இதற்கு விடை காணக் கடல் கடந்து ஒருமுறை சென்று வருவோம்.

இலங்கைச் சட்டசபையில் 'கற்ற இலங்கையர்' என்ற பெயரால் ஓர் இடம் உண்டாக்கப்பட்டது. கல்வித் தகுதியும் வருவாயும் உடைய சிலரே அதற்கு வாக்காளர். 1911ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் வென்றார்கள். அவரை எதிர்த்து நின்றவர் சிங்களவர். ஆயினும் சிங்கள வாக்காளர் பலரும் இராமநாதனையே ஆதரித்தனர். 1915இல் அங்கே முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களவர் பலரைக் கடுமையாகத் தண்டித்தது. இராமநாதன் அந்தக் கொடுமையைச் சட்டசபையில் எடுத்துரைத்தார். உலகப் போர் நடந்த காலத்தில், கடற்பயணமே உயிருக்கு ஆபத்தாயிருந்தபோது, இங்கிலாந்துக்குச் சென்று முறையிட்டார். அவர் திரும்பி வந்தபோது மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றார்கள். வண்டியை இழுத்த கைகளுள் அவருக்கு வாக்களித்த கைகள் எத்தனை இருந்திருக்கும்? மிகச் சிலவே.

ஆனால் வரலாறு ஒருமுகமாக இருப்பதில்லை. கலவரத்தில் துன்புற்ற முஸ்லிம்களின் குறையை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்ற வருத்தம் அந்தச் சமூகத்தில் இருந்தது. மேலும், வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கலாம் என்ற யோசனை 1920களின் இறுதியில் எழுந்தபோது, அதனை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். கற்றோரின் வாக்கால் உயர்ந்தவர் கல்லாதோரின் வாக்கை நம்பத் தயங்கினார். சிறப்புரிமை எத்தகைய பெரியவர் கண்ணிலும் ஒரு சிறு திரையை இட்டுவிடுகிறது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் எலினார் ராத்போன் என்ற அம்மையார், பல ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டுத் தொகுதியிலிருந்து 1929ஆம் ஆண்டு பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946இல் மறையும் வரை உறுப்பினராக இருந்தார். அவர் இடைவிடாமல் பேசியது பேராசிரியர்களின் ஊதியத்தைப் பற்றியன்று. ஏழைத் தாய்மார் குழந்தைகளை வளர்ப்பதற்கு அரசு உதவித் தொகை தரவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாட் கோரிக்கை. 1945ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. இந்தியாவில் குழந்தை மணத்தை ஒழிப்பது பற்றியும் அவர் நூல் எழுதினார்.

மாணவ நண்பர்களே, நியூட்டனைப் பற்றி நான் சொன்னதை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். பட்டதாரியின் வாக்கால் அமைந்த இடம் எப்பொழுது பெருமை பெற்றது? அதில் அமர்ந்தவர் பெரிய அறிவாளி என்பதனால் மட்டும் அன்று. பட்டமில்லாதவருக்கும் வாக்கில்லாதவருக்கும் அவர் குரலாக நின்றபோதுதான். தன் கூட்டத்தாரின் நலனை மட்டும் காக்கும் காவற்காரனாக நின்றபோது, அந்த இடம் இரண்டாவது வாக்கு என்னும் சலுகையாகச் சுருங்கிவிட்டது. பொதுத் தேர்தலில் ஒன்றும் பட்டத்திற்காக ஒன்றுமாக ஒருவனுக்கு ஏன் இரு வாக்கு என்று கேட்டுத்தான், இங்கிலாந்து 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பல்கலைக்கழகத் தொகுதிகளை ஒழித்தது. 1950ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் அவை இல்லை.

நம் மாநிலத்தில் மேலவையே முடிவுக்கு வந்தது. 1986ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பேரவை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. பாராளுமன்றம் சட்டம் இயற்ற, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளோடு மேலவை மறைந்தது. அதனுடன் ஆறு பட்டதாரி இடங்களும் மறைந்தன. 2010இல் அதனை மீண்டும் அமைக்கப் பேரவை தீர்மானித்துப் பாராளுமன்றமும் சட்டம் செய்தது. ஆனால் 2011இல் ஆட்சி மாறியபின் அம்முயற்சி கைவிடப்பட்டது. உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில் மேலவை இருக்கிறது. பெங்களூர் அண்ணனுக்கு வாக்கு இருந்ததும் தரமணித் தங்கைக்கு இல்லாததும் இதனால்தான்.

இனி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் 1978ஆம் ஆண்டில் பட்டம் பெற்றேன். 1981இல் மூன்றாண்டுகள் நிறைந்தன. பட்டதாரிகள் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது; நாமே விண்ணப்பித்து, பட்டச் சான்றைக் காட்டிப் பதிவு செய்யவேண்டும். என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் விண்ணப்பப் படிவத்தை என் மேசைமேல் வைத்து, "தம்பி, இதை எழுதிக் கொடுத்துவிடு" என்றார். நாளைக்குச் செய்யலாம் என்று அதை மடித்து ஒரு புத்தகத்தின் நடுவே வைத்தேன். நாளை என்பது ஐந்தாண்டுகளாயிற்று. 1986இல் மேலவை போன செய்தியைப் படித்த அன்று, அதன் நன்மை தீமை பற்றி நண்பர்களிடம் நெடுநேரம் வாதிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், "நீ ஒருநாளாவது வாக்களித்தாயா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அண்மையில் வீடு மாற்றியபோது அந்தப் புத்தகம் கிடைத்தது. படிவம் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. அதை எடுத்துவந்து எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். அவள் அதை விரித்துப் படித்துவிட்டு, "இப்பொழுது நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா, தாத்தா?" என்று கேட்டாள்.

உண்டு. பதினெட்டு வயது நிறைந்தவர்க்குப் பொதுத் தேர்தலின் வாக்கு உண்டு. அது வீட்டு வேலை செய்யும் அம்மையாருக்கும் துணைவேந்தருக்கும் ஒரே மதிப்புடையது. அதுவே எல்லாவற்றிலும் உயர்ந்த வாக்கு. அடுத்து, பட்டம் பெற்றபின் உங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற பட்டதாரியாகச் சேர வழியிருந்தால் சேருங்கள்; 1904இல் திறந்த அந்தச் சிறு கதவு நம் முன்னோர் கேட்டுப் பெற்றது. செனட்டில் உங்கள் பிரதிநிதியாக நிற்பவரிடம், கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்தியவனுக்காக அவர் என்ன பேசினார் என்று கேளுங்கள். உங்களுக்காக என்ன பேசினார் என்ற கேள்வி அதற்குப் பின்னர் வரட்டும்.

அந்தப் பெண் தன் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அன்று மாலையே விண்ணப்பித்துவிட்டாள். என் பழைய படிவத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "என் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொள்கிறேன், தாத்தா. நாளைக்கு என்று எதையாவது ஒதுக்கி வைக்கும்போது எடுத்துப் பார்ப்பேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.